பிதிரிம் சொரோக்கின்

ஒரு நாட்டின் அரசியலை அறிய விழைவோர், அந்நாட்டுத் தலைவர்தம் சொற்பொழிவுகளையும் சட்டங்களையும் ஆராய்வது வழக்கம். அவை மட்டும் போதா. அந்நாட்டு மக்கள் எதனை உண்கின்றனர், எதற்கு அஞ்சுகின்றனர், அவருள் எவர் மேனிலை எய்துகின்றனர், எவர் கீழே தள்ளப்படுகின்றனர் என்பனவற்றையும் அறிந்தாலன்றி அரசியலின் வேர் புலப்படாது. இவ்வேரைத் தேடும் கலையே சமூகவியல். சமதர்மக் கொள்கையை மேற்கொண்ட அரசாங்கங்களின் செயலையும், அயல்நாடுகளோடு அவை கொண்ட உறவையும் இக்கலையின் துணைகொண்டு விளக்க முற்பட்ட அறிஞருள் ஒருவர் பிதிரிம் சொரோக்கின். அவர் அதனை நூலகத்தில் அமர்ந்து மட்டும் கற்றாரல்லர். சிறையிலும், காட்டிலும், பஞ்சம் வாட்டிய சிற்றூர்களிலும் கற்றார். ஆதலின் அவர் வரலாறு மாணவராகிய நாம் அறியத் தக்கதாகும்.

இளமைப் பருவம்

ருஷியாவின் வடபால் வோலோக்டா மாகாணத்தில், கோமி என்னும் இனத்தார் வாழும் துர்யா என்ற சிற்றூரில் 1889-ஆம் ஆண்டு சொரோக்கின் பிறந்தார். தாயார் கோமி இனத்தவர். தந்தையார் ருஷியர், ஊர் ஊராய்ச் சென்று கோயில்களுக்கு வண்ணந் தீட்டியும், திருவுருவப் படங்களுக்குப் பொன்முலாம் பூசியும் பிழைத்த கைத்தொழிலாளர். சொரோக்கின் சிறு குழந்தையாயிருந்தபோதே தாயார் இறந்தார். அத்துயரை ஆற்றமாட்டாத தந்தையார் மதுவுக்கு அடிமையானார். ஒருநாள் குடிவெறியில் அவர் சுத்தியலால் அடிக்கவே, பிள்ளைகள் இருவரும் அவரை விட்டு நீங்கினர். தமையனும் தம்பியுமாய் அத்தொழிலையே தாமும் செய்துகொண்டு, காட்டு வழிகளிற் பல ஊர்களுக்கும் சென்றனர். அப்போது இளையவராகிய சொரோக்கினுக்கு வயது ஏறத்தாழப் பத்தே. முறையான பள்ளிப் படிப்பு இல்லை. கிடைத்த நூல்களையெல்லாம் படித்தார். பின்னர்த் தேர்வில் வென்று, உதவிச் சம்பளம் பெற்றுப் பள்ளியிற் சேர்ந்தார்.

ஆசிரியப் பயிற்சிப் பள்ளியிற் பயிலுங்காலத்தில் சமதர்மப் புரட்சிக் கட்சியிற் சேர்ந்து, குடியானவரிடையே பிரசாரம் செய்தார். அதனால் 1906-இல் சிறை புகுந்தார். உடன் சிறையிருந்த கற்றோரிடம் அவர் அறிந்தன பல. வெளிவந்தபின் தலைநகராகிய பீட்டர்ஸ்பர்க்கை அடைந்து, இரவுப் பள்ளியிற் பயின்று, 1910-இல் சர்வகலாசாலை மாணவரானார். குற்றத்தையும் தண்டனையையும் பற்றி அவர் எழுதிய பெருநூல் 1914-ஆம் ஆண்டிலேயே வெளிவந்தது.

புரட்சியும் சிறையும்

1917-இல் ஜார் சக்கரவர்த்தியின் ஆட்சி வீழ்ந்தது. சொரோக்கின் தற்கால அரசாங்கத் தலைவராகிய கெரென்ஸ்கிக்குக் காரியதரிசியாக அமர்ந்தார். அவ்வாண்டின் இறுதியில் ஆட்சி போல்ஷிவிக்கர் கைக்கு மாறிற்று. அரசியல் நிர்ணய சபைக்கு உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட சொரோக்கின், அச்சபை கூடுவதற்குச் சில நாள் முன்னரே சிறைப்பட்டு, பீட்டர்-பால் கோட்டையில் அடைக்கப்பட்டார். கூடிய சபையும் ஒரே அமர்வோடு கலைக்கப்பட்டது.

விடுதலை பெற்று வடநாடு சென்ற அவர், போல்ஷிவிக்கர்க்கு எதிரான முயற்சியில் ஈடுபட்டார். அது கைகூடாமையால் காடுகளில் மறைந்து திரிந்து, முடிவில் தாமே சென்று சரணடைந்தார். மரண தண்டனையை எதிர்நோக்கி நாள்தோறும் சிறையில் இருந்தார். உடனிருந்தோர் ஒவ்வொருவராய் அழைக்கப்பட்டுத் திரும்பாமற் போவதைக் கண்டார். அந்நாளில், கட்சியையும் சபை உறுப்பாண்மையையும் துறப்பதாக அவர் எழுதிய கடிதம் செய்தித்தாளில் வெளிவந்தது. நடுத்தரக் கற்றோரின் மனமாற்றத்துக்கு அதனை ஓர் அடையாளமாகக் கொண்ட லெனின், 1918 நவம்பரில் பிராவ்தா இதழில் அதுபற்றி ஒரு கட்டுரை வரைந்தார். பழைய நண்பர் சிலரும் பரிந்து பேசினர். சொரோக்கின் உயிர் தப்பினார்.

உயிருக்கு அஞ்சித்தான் அக்கடிதத்தை எழுதினாரோ என்னும் ஐயம் நமக்கு எழுவது இயல்பே. அதற்கு விடை அவர் பின்னாட் செயலிலேயே உளது. பெட்ரோகிராட் சர்வகலாசாலையிற் சமூகவியல் துறையை அமைத்து அதன் தலைவராயமர்ந்த அவர், அரசியற் பதவியைத் துறந்தாரேயன்றி, கண்டதைக் கூறும் உரிமையைத் துறந்தாரல்லர்.

பஞ்சம் கற்பித்த பாடம்

1921-இல் வால்கா நதிப் பிரதேசத்தைக் கொடும் பஞ்சம் பற்றியது. மாண்டோர் தொகை ஏறத்தாழ ஐம்பது இலட்சம் என்பர். முன்னரே பசியாற் பசி கற்ற சொரோக்கின், சமாரா, சரடோவ் மாகாணங்களுக்குச் சென்று ஊர்களை நேரிற் பார்வையிட்டார். அங்குக் கண்டவற்றைக் கொண்டு பசியைப் பற்றி ஒரு நூல் எழுதினார். அதன் சாரம் வருமாறு:

பெரும்போரும் பெரும்பஞ்சமும் ஒரு சமூகத்தைப் பற்றுங்கால், அரசாங்கத்தின் கை களஞ்சியத்திலும் கடைவீதியிலும் நீளும். தானியம் பறிமுதலாகும், பங்கீடு வரும், வாணிகம் அடங்கும், கட்டளை மிகும். இடர் நீங்குங்கால் அக்கை சிறிது சிறிதாகத் தளரும். பண்டை எகிப்திலும் ரோமிலும் சீனத்திலும் நிகழ்ந்தது இதுவே. ஆதலின் ருஷியாவில் 1918 முதல் 1921 வரை நடந்த போர்க்காலப் பொதுவுடைமை, மார்க்ஸின் நூலிலிருந்து மட்டும் பிறந்ததன்று. வெற்றுக் களஞ்சியத்திலிருந்தும் பிறந்தது. இவ்விளக்கத்தின்படி நோக்கின், 1921-இல் லெனின் தாமே தானியப் பறிமுதலை நிறுத்திச் சிறு வாணிகத்துக்கு இடந்தந்ததன் காரணமும் ஒருவாறு விளங்கும். கொள்கை மாறவில்லை, சமூகத்தின் நிலையே கொள்கையை வளைத்தது.

ஆட்சியாளர் இவ்விளக்கத்தை விரும்பினாரல்லர். அச்சுக்கோத்த நிலையிலேயே அந்நூல் சிதைக்கப்பட்டது. எஞ்சிய பகுதியை அவர்தம் மனைவியார் எலெனா ஆங்கிலத்தில் மொழிபெயர்க்க, அது 1975-இலேதான் நூலாயிற்று. 1922 செப்டம்பரில், அறிஞர் பலரோடு சொரோக்கினும் நாடு கடத்தப்பட்டார்.

அயல்நாட்டு வாழ்வு

தாமும் சமூகவியல் வல்லுநராகிய செக்கோஸ்லோவாக்கியக் குடியரசுத் தலைவர் மசாரிக் அவருக்குப் புகலிடம் அளித்தார். 1923-இல் சொரோக்கின் அமெரிக்கா சென்று, மறு ஆண்டு மின்னஸோட்டா சர்வகலாசாலையில் ஆசிரியரானார். 1925-இல் புரட்சியின் சமூகவியல் பற்றியும், 1927-இல் சமூகத்தில் மாந்தர் ஏறுதலும் இறங்குதலும் பற்றியும் நூல்கள் வெளியிட்டார். புரட்சி ஏணியில் நிற்போரை மாற்றுமேயன்றி ஏணியை ஒழிப்பதில்லை. பழைய பிரபுக்கள் வீழ்ந்த இடத்தில் புதிய உத்தியோகஸ்தர் ஏறுவர் என்பது அவர் கண்ட முடிபு. இந்நூல்களிற் சில இடங்களில் ஆராய்ச்சியாளரின் அமைதி குன்றி, துன்புற்றவரின் சினம் ஒலிக்கின்றது என்பதையும் நாம் மறைத்தல் ஆகாது. 1930-இல் ஹார்வர்டுக்கு அழைக்கப்பட்டு, அங்குச் சமூகவியல் துறையைத் தோற்றுவித்தார். நாகரிகங்களின் ஏற்றத் தாழ்வை ஆராயும் அவரது பெருநூல் 1937 முதல் 1941 வரை நான்கு தொகுதிகளாக வெளிவந்தது.

தம்மை நாடு கடத்திய அரசின்மேல் அவர் பகை பாராட்டுவார் என எவரும் எண்ணுவர். 1944-இல் அவர் எழுதிய நூலோ, ருஷியாவும் அமெரிக்காவும் நட்பாய் வாழ இயலும் என வாதித்தது. இவ்விரு நாடுகளும் தம்முள் என்றும் பெரும்போர் செய்தனவல்ல; இரண்டும் பரந்த நிலமும் பல இன மக்களும் உடையவை; இன்றியமையா நலன்களில் மோதல் இல்லாதவை. நாடுகளைப் போருக்கு இழுப்பது ஆட்சியின் பெயரன்று, மதிப்புகளும் நலன்களும் முரணுதலே என்றார். விரைவில் எழுந்த பனிப்போர் அவர் நம்பிக்கையைத் தோற்கடித்தது. ஆயினும் அவர் கொண்ட அளவுகோல் பொய்த்ததன்று. பொதுவுடைமை ருஷியா 1939-இல் நாஜி ஜெர்மனியோடு உடன்படிக்கை செய்தது; 1969-இல் சீனமும் ருஷியாவும் உஸ்ஸூரி நதிக்கரையிற் சுட்டுக்கொண்டன; 1979-இல் சீனப்படை வியட்நாமுட் புகுந்தது. கொடியின் நிறம் ஒன்றாயிருந்தும் போர் நேர்ந்தமையைக் கொள்கை நூல்களால் மட்டும் விளக்கல் அரிது. 1960-இல், இரு வல்லரசுகளும் படிப்படியாய் ஒன்றையொன்று ஒத்துக் கலப்பு வகையாகும் என எழுதினார். 1991-இல் சோவியத் ஒன்றியம் கலைந்தமையால் அக்கூற்று அவர் எண்ணியவாறு நிறைவேறவில்லை.

இறுதிக் காலம்

முதுமையில் அவர் உள்ளம் வேறொரு பொருளில் ஈடுபட்டது. வெறுப்பின் விளைவை வாழ்நாளெல்லாம் கண்டவர், அன்பின் ஆற்றலையும் ஆராய விரும்பி, 1949-இல் ஹார்வர்டில் அதற்கென ஓர் ஆராய்ச்சி நிலையம் நிறுவினார். உடன் ஆசிரியர் சிலர் நகைத்தனர். அவரும் கடுஞ்சொல்லுக்கு அஞ்சாதவர். ஆயினும் 1965-இல் அமெரிக்கச் சமூகவியற் சங்கத்தின் தலைமை அவரை நாடி வந்தது. 1968 பிப்ரவரியில் அவர் காலமானார். அவரை வெளியேற்றிய நாட்டிலேயே, மாஸ்கோ நகரில், 1992-இல் அவர் நூற்பகுதிகளின் தொகுப்பொன்று அச்சேறியது. எழுபது ஆண்டு கழித்து அவர் எழுத்து வீடு திரும்பிற்று.

மாணவ நண்பர்காள்! ஓர் அரசைப் புகழவோ இகழவோ தொடங்குமுன், அதன் களஞ்சியத்தையும் ஏணியையும் சென்று காண்பதே அறிவுடைமை என்பதை இவர் வாழ்வு கற்பிக்கின்றது. தம்மைத் துன்புறுத்தியோரையும் புரிந்துகொள்ள முயல்வது அதனினும் அரிய பண்பு. சினம் முற்றும் நீங்காத நிலையிலும் அவர் அம்முயற்சியைக் கைவிட்டாரல்லர். அதுவே நாம் அவர்பாற் கற்கத் தக்கது.