கொடுமுடி தந்த குரற்செல்வி

காவிரிக் கரையிலே சிவத்தலமாக விளங்கும் கொடுமுடி, தமிழுலகுக்கு ஈந்த பெருஞ்செல்வம் கே. பி. சுந்தராம்பாள் அம்மையார். 1908ஆம் ஆண்டில் எளிய குடும்பத்திற் பிறந்த அவர், இளமையிலேயே தந்தையை இழந்தார். ரயில் வண்டியிற் பாடிப் பிழைத்த அச்சிறுமியை அவர்தம் குரலே வேலு நாயர் நாடகக் குழுவிற் கொண்டு சேர்த்தது. நல்லதங்காள் நாடகத்திலே பசியால் துடிக்கும் பிள்ளையாக நடித்தார். பசியை அறிந்த குழந்தைக்கு அது வெறும் நடிப்பாக இருந்திருக்குமா?

அம்மையாரின் வாழ்விலே நம் இலங்கைக்கும் ஓர் இடம் உண்டு. 1926ஆம் ஆண்டளவில், கொழும்பு நகரில் நாடகமாட வந்தபோதே எஸ். ஜி. கிட்டப்பாவுடன் சேர்ந்து நடிக்க நேர்ந்தது. மேடையிற் கலந்த குரல்கள் வாழ்விலும் கலந்தன. இருவரும் மணம் புரிந்தனர். ஆயின் கிட்டப்பா முன்னரே மணமானவர். மனவேற்றுமையும் பிரிவும் தொடர்ந்தன. 1933ஆம் ஆண்டு டிசம்பரில் கிட்டப்பா காலமானபோது அம்மையாருக்கு வயது 25. அன்று உடுத்த வெள்ளாடையை இறுதிவரை அவர் களையவில்லை. ஆடவரோடு காதலியாக நடிப்பதில்லை என்றும் உறுதி பூண்டார்.

கதாநாயகி வேடத்தைத் துறந்தவருக்குத் திரையுலகில் என்ன இடம்? இதற்கு 1935இல் வெளிவந்த 'நந்தனார்' விடை கூறியது. அதில் அம்மையார் நந்தனாராகவே, ஆண் வேடத்தில் தோன்றினார். ஊதியம் ஒரு லட்சம் ரூபாய். அக்காலத்தில் எவரும் கேட்டிராத தொகை! 1953இல் எஸ். எஸ். வாசனின் ஜெமினி நிறுவனம் எடுத்த 'ஔவையார்' அவரைத் தமிழர் இல்லந்தோறும் கொண்டு சென்றது. 'பூம்புகா'ரிற் கவுந்தியடிகளாகவும், 1965இல் 'திருவிளையாட'லில் மீண்டும் ஔவையாகவும், 1973இற் காரைக்கால் அம்மையாராகவும் விளங்கினார்.

கலையோடு அவர் நின்றாரல்லர். காங்கிரஸ் மேடைகளிலே விடுதலைக்காகப் பாடினார். 1951இற் சென்னை மேலவை உறுப்பினரானார். இந்தியாவிற் சட்டமன்றம் புகுந்த முதல் திரைக்கலைஞர் அவரே. 'துணைவன்' படப் பாடலுக்குத் தேசிய விருதும், 1970இற் பத்மஸ்ரீ விருதும் பெற்றார். 1980இல் மறைந்தார்.

பெரியோர் பலர் அம்மையாரின் வெள்ளாடையையே வியந்து போற்றுவர். அவ்வுறுதியை நாமும் வணங்குகிறோம். எனினும், அத்துறவு ஒன்றினாலேதான் நாடகப் பெண்ணொருத்தி மதிப்புக்குரியவள் ஆனாளோ என்று எண்ணுகையில் நம் மனம் நோகிறது. துயருக்கு முன்னும் அக்குரல் உயர்ந்ததே, அவ்வுழைப்பும் உயர்ந்ததே. மேடையேறும் பெண்ணை ஏளனஞ் செய்த சமூகமே பின்னர் அவரை ஔவையாகக் கண்டு கைகூப்பியது. பிழை மேடையினதன்று; நோக்கிய கண்ணினதே.

ஆதலால் இளைஞர்காள்! நம் விழாக்களிலே பாடவும் ஆடவும் முன்வரும் சகோதரியரை ஐயக்கண் கொண்டு நோக்காதிருப்போம். அவர்தம் திறமைக்கு இடமளிப்பதே அம்மையாருக்கு நாம் செலுத்தும் உண்மை அஞ்சலியாகும்.