மலையை எடைபோட்ட பிராட் ஐயர்

கள்ளக்குறிச்சியினின்று மேற்கே நோக்குவார்க்குக் கல்வராயன் மலைத்தொடர் கருநீல மதில்போலத் தோன்றும். அதன் எடையைக் கூறுக என்றால் நகைப்போர் பலர். எனினும் வழி எளிதே. மலையை அளந்து பருமனைக் காண்க. அதன் கல்லொன்றைக் காற்றிலும் நீரிலும் நிறுத்து அடர்த்தியைக் காண்க. இரண்டையும் பெருக்கின் பொருண்மை கிடைக்கும். இம்முறையை இமயமலைக்கே பிரயோகித்த பெரியார் ஜான் ஹென்றி பிராட் ஐயர்.

இவர் 1809-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் பிறந்தார். 1833-இல் கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையின் கணிதப் பரீட்சையில் மூன்றாமவராகத் தேறினார். 1838-இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் குருவாக இந்தியா போந்து, 1850-இல் கல்கத்தாவின் ஆர்ச்டீகன் ஆனார். திருச்சபை அலுவல் மிகுந்தும் கணிதத்தைக் கைவிட்டாரில்லை.

1802-இல் சென்னைப் பரங்கிமலையருகே லாம்ப்டன் துரை அடிக்கோடிட்டுத் தொடங்கிய நில அளவை, எவரெஸ்ட் துரையின் காலத்தில் இமயத்தின் அடிவாரத்தை எட்டியது. அப்போது ஒரு முரண் எழுந்தது. கலியானா, கலியான்பூர் என்னும் இரு நிலையங்களின் அட்சரேகை வேற்றுமை, நிலமளந்து கண்டபடி ஒன்றும், விண்மீன் நோக்கிக் கண்டபடி மற்றொன்றுமாய் 5.236 விகலை மாறுபட்டது. தரையில் அஃது ஏறக்குறைய 530 அடி.

இமயத்தின் ஈர்ப்பு தூக்குக்குண்டைத் தன்பால் இழுத்ததே காரணம் என ஐயர் கருதினார். மலைநிலத்தைப் பல கூறாகப் பகுத்து, ஒவ்வொன்றின் பருமனையும் பாறையின் அடர்த்தியையும் கொண்டு இழுவையைக் கணித்தார். வந்த விடையோ 15.885 விகலை, கண்டதினும் மும்மடங்கு!

இவ்வொவ்வாமையை அவர் மறைத்தாரில்லை. 1855-இல் லண்டன் ராயல் சங்கத்தின் வாயிலாக அப்படியே வெளியிட்டார். அதனைக் கண்ட வானசாஸ்திரி ஏரி என்பார், மலைகளின் இலேசான வேர்கள் கீழுள்ள கனத்த பொருளில் ஆழ அமிழ்ந்துள்ளன என்றார். ஐயர் அதற்கு உடன்படாது, நிலம் உயர்ந்த இடத்தில் அடியிலுள்ள பொருள் அடர்த்தி குறைந்தது என 1859-இல் விளக்கம் தந்தார். இமயத்திற்கு ஏரியின் வேரே பெரிதும் பொருந்தும் என்றும், கடலடி மலைத்தொடர்கட்குப் பிராட்டின் கொள்கை பொருந்தும் என்றும் இக்காலத்தார் கண்டுள்ளனர்.

1866-இல் ராயல் சங்கத்தின் அங்கத்தினராகிய இவர், 1871-இல் காசீப்பூரில் காலமானார்.

பொருந்தாத விடையைப் பொருத்திக் காட்டாது உள்ளபடி உலகிற்கு ஈந்தமையே அவர்தம் பெருமை. மாணாக்கரே, ஆய்வுச்சாலையில் நீவிர் கண்ட அடர்த்தி நூலிற் கண்ட எண்ணோடு ஒவ்வாதபோது, அதனை அழிக்குமுன் இவரை நினைமின்.