வளைந்த ஆடி

சென்ற மாதம் பாட வேலைக்காகத் தொலைநோக்கி ஆடி ஒன்றைக் கணிப்பொறியில் அமைத்துக்கொண்டிருந்தேன். ஆடியைப் பல்லாயிரம் சிறு கூறுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றும் எடையால் எவ்வளவு வளையும் என்று கணக்கிடுவதே முறை. சாய்த்தேன், வளைந்தது. தடிப்பைக் கூட்டினேன், நிமிர்ந்தது. ஓரிரவில் பத்து ஆடிகளைக் கெடுத்தும் எனக்கு ஒரு காசு நட்டமில்லை. அப்போதுதான் வில்லியம் ஹெர்ஷல் நினைவுக்கு வந்தார்.

1738-இல் ஜெர்மனியின் ஹனோவரில் பிறந்த அவர் ஓர் இசைவாணர். 1757-இல் இங்கிலாந்து சென்று, பின்னர் பாத் நகரில் தேவாலயத்தில் ஆர்கன் வாசித்து வாழ்ந்தார். விண்மீன்கள் அவர் மனத்தைக் கவர்ந்தன. செம்பையும் வெள்ளீயத்தையும் உருக்கித் தாமே ஆடி வார்த்தார். மெருகிடும்போது கையை எடுக்கலாகாது; தங்கை கரோலின்தான் உணவை ஊட்டுவார். 1781 மார்ச் 13 அன்று, தாம் செய்த தொலைநோக்கியால் யுரேனஸைக் கண்டார். அதே ஆண்டு மூன்றடி ஆடி வார்த்தபோது உருகிய உலோகம் கசிந்து கல்தளம் வெடித்துச் சிதறியது. இருந்தவர்கள் உயிர் தப்ப ஓடினர்.

எனினும் அவர் அஞ்சவில்லை. மூன்றாம் ஜார்ஜ் மன்னரின் பொருளுதவியால் நாற்பதடி நீளத் தொலைநோக்கியைத் தொடங்கினார். அதற்கு நான்கடி அகல ஆடி வேண்டும். 1785-இல் வார்த்த முதல் ஆடி மெல்லியதாய் இருந்து தன் எடையாலேயே வளைந்தது. அடுத்தது ஆறும்போதே வெடித்தது. 1788-இல் வார்த்தது தேறியது. 1789-இல் சனியின் துணைக்கோள் என்செலடஸைக் கண்டார். ஆயினும் அப்பெருங்கருவியைக் கையாளுவது கடினமாயிற்று. 1822-இல் மறையும் வரை அவருக்குப் பெரிதும் கைகொடுத்தது பழைய இருபதடிக் கருவியே.

இன்று சிலி நாட்டு மலையொன்றில் 39 மீட்டர் ஆடி கொண்ட தொலைநோக்கி எழுந்து வருகிறது. அதில் 798 துண்டுகள்; ஒவ்வொன்றும் ஹெர்ஷலின் பேராடியை விட அகலமானது. எடையும் காற்றும் வெப்பமும் அவற்றை என்ன செய்யும் என்பதை முன்னதாகவே கணிப்பொறியில் சோதித்துவிட்டனர்.

வெப்பம் என்றதும் திடுக்கிட்டேன். என் கணக்கில் அதைச் சேர்க்கவே இல்லை! திரையில் என் ஆடி குறையின்றி மின்னியது. நான் கொடுக்காததைக் கணிப்பொறி எப்படி அறியும்? ஹெர்ஷலின் ஆடியோ தன் குறையை வெடித்தே சொல்லிவிட்டது.

மறுநாள் ஒப்படைக்க வைத்திருந்த தாளைக் கிழித்துவிட்டு, மீண்டும் முதலிலிருந்து தொடங்கினேன்.