ஹென்றி வெல்கம்: திறக்கப்படாத பெட்டிகளின் வரலாறு

லண்டன் மாநகரின் யூஸ்டன் சாலையில், ரயில் நிலையத்திற்கு ஏறக்குறைய எதிரே, உயர்ந்த தூண்களைக் கொண்ட ஒரு கல் கட்டடம் இருக்கிறது. மருத்துவ வரலாறு குறித்த நூலகமும் காட்சியகமும் இன்று அங்கே இயங்குகின்றன. 1932 ஆம் ஆண்டில் அதைக் கட்டி முடித்த சர் ஹென்றி வெல்கம், நான்கு ஆண்டுகளில் காலமானார். அவர் விட்டுச்சென்ற பொருட்களைக் கணக்கெடுக்க முனைந்த அறங்காவலர்கள், கிடங்குகளில் அடுக்கி வைக்கப்பட்டிருந்த எண்ணற்ற பெட்டிகளைக் கண்டனர். அவற்றில் பல, வாங்கி வந்த நாளிலிருந்து ஒருமுறைகூடத் திறக்கப்படாதவை.

நூலகங்கள், ஆவணக் காப்பகங்கள், அருங்காட்சியகங்கள் ஆகியவற்றின் சேகரங்களைப் பேணிக் காக்க நிதி வழங்கும் அறக்கட்டளைகளைப் பற்றிப் பேசும்போது, வெல்கம் அறக்கட்டளையின் பெயரைத் தவிர்க்க இயலாது. ஆனால் அதை நிறுவிய மனிதர், பொருட்களைச் சேர்ப்பதற்குச் செலவழித்த அளவுக்கு அவற்றைப் பேணுவதற்குச் செலவழித்தவர் அல்லர். அவருடைய வாழ்க்கை வரலாற்றை இந்தக் கோணத்திலிருந்து பார்ப்பது பொருத்தமாக இருக்கும்.

மரக்குடிலில் இருந்து லண்டனுக்கு

ஹென்றி சாலமன் வெல்கம் 1853 ஆம் ஆண்டு ஆகஸ்ட் 21 ஆம் தேதி அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில், அடிமரங்களை அடுக்கிக் கட்டிய ஒரு குடிலில் பிறந்தார். தந்தை விவசாயி, சமயப் பிரசாரகரும்கூட. விளைச்சல் பொய்த்ததால் குடும்பம் மாட்டு வண்டியேறி மினசோட்டா மாநிலத்தின் கார்டன் சிட்டி என்ற சிற்றூருக்குக் குடிபெயர்ந்தது. அங்கே அவரது சிற்றப்பா மருத்துவராக இருந்து மருந்துக் கடையும் நடத்திவந்தார். 1862 ஆம் ஆண்டு அப்பகுதியில் டகோட்டா பூர்வகுடியினருக்கும் அமெரிக்கப் படையினருக்கும் இடையே போர் மூண்டபோது, ஒன்பது வயதுச் சிறுவனாக இருந்த வெல்கம் துப்பாக்கிக் குண்டுகளை வார்க்கவும், காயம்பட்டவர்களைக் கவனிக்கும் சிற்றப்பாவுக்கு உதவவும் செய்தார்.

பதினாறு வயதில் அவர் விற்ற முதல் சரக்கு, கண்ணுக்குத் தெரியாத மை. உண்மையில் அது எலுமிச்சைச் சாறு. உள்ளூர்ப் பத்திரிகையில் அதற்கு விளம்பரமும் கொடுத்தார். மருந்தைவிட விளம்பரத்தில்தான் அவருடைய மேதைமை அதிகம் வெளிப்பட்டது என்று பின்னாளில் போட்டியாளர்கள் கருதியதற்கு இந்த எலுமிச்சைச் சாறே தொடக்கம் எனலாம்.

1874 ஆம் ஆண்டு பிலடெல்பியா மருந்தியல் கல்லூரியில் பட்டம் பெற்ற வெல்கம், நியூயார்க் மருந்து நிறுவனங்களின் விற்பனைப் பிரதிநிதியானார். கொய்னா மருந்துக்கு மூலமான சின்கோனா மரங்களைத் தேடித் தென் அமெரிக்கக் காடுகளுக்கும் சென்றுவந்தார். 1880 ஆம் ஆண்டு, சக அமெரிக்கரான சைலஸ் பரோஸ் அழைத்ததன் பேரில் லண்டன் வந்தார். அந்த ஆண்டே பரோஸ் வெல்கம் நிறுவனம் தொடங்கப்பட்டது.

அன்றைய பிரிட்டனில் மருந்து என்றால் பெரும்பாலும் பொடியாகவோ கஷாயமாகவோ கடைக்காரர் கையால் கலந்து கொடுப்பதுதான். அளவு கூடினாலும் குறைந்தாலும் நோயாளிக்குத் தெரியாது. இயந்திரத்தில் அழுத்திச் செய்யப்பட்ட, அளவு மாறாத மாத்திரைகளை இந்த நிறுவனம் அங்கே பரவலாக்கியது. 1884 ஆம் ஆண்டு வெல்கம் தமது சரக்குகளுக்கென 'டேப்ளாய்ட்' என்ற ஒரு புதுச் சொல்லைப் படைத்து வணிகக் குறியாகப் பதிவு செய்தார். சிறிய வடிவில் செறிவாகத் தரப்படும் எதற்கும் மக்கள் அந்தச் சொல்லைப் பயன்படுத்தத் தொடங்கினர். இன்று சிறு அளவுச் செய்தித்தாள்களைக் குறிக்கும் அச்சொல்லின் பூர்வீகம் ஒரு மருந்துக் கம்பெனி என்பது பலர் அறியாத செய்தி.

கூட்டாளிகளின் உறவு நெடுநாள் நீடிக்கவில்லை. கூட்டை முறிக்கக் கோரி பரோஸ் நீதிமன்றம் வரை சென்றும் வெற்றி பெறவில்லை. 1895 ஆம் ஆண்டு பரோஸ் நிமோனியாவால் காலமான பிறகு, நிறுவனம் முழுவதும் வெல்கம் கைக்கு வந்தது. ஒரு வணிக நிறுவனம் சொந்தமாக ஆய்வுக்கூடங்கள் நடத்துவது வழக்கமில்லாத அந்தக் காலத்தில், 1894 இலும் 1896 இலும் அவர் இரண்டு ஆய்வுக்கூடங்களைத் தொடங்கினார். பின்னாளில் நோபல் பரிசு பெற்ற ஹென்றி டேல் அவற்றுள் ஒன்றில் பணியாற்றியவர்.

குடும்ப வாழ்க்கை அவருக்கு அமையவில்லை. 1901 ஆம் ஆண்டு, தம்மைவிடச் சுமார் இருபத்தைந்து வயது இளையவரான சிரி பர்னார்டோவை மணந்தார். 1910 இல் இருவரும் பிரிந்தனர். 1916 இல் மணமுறிவு ஏற்பட்டது. மறு ஆண்டில் சிரி, எழுத்தாளர் சாமர்செட் மாமை மணந்தார். 1910 இலேயே பிரிட்டிஷ் குடியுரிமை பெற்றிருந்த வெல்கமுக்கு, அதன்பின் சேகரிப்பே வீடும் குடும்பமும் ஆகிவிட்டது.

ஏலக்கூடத்தில் மாற்றுப்பெயர்

நான்கு வயதில் கண்டெடுத்த ஒரு கற்காலக் கருவியைப் பற்றித் தந்தை சொன்ன விளக்கமே தமது சேகரிப்பு ஆர்வத்தின் வித்து என்று வெல்கம் நம்பினார். நோயோடும் சாவோடும் மனித குலம் நடத்திவந்த போராட்டத்தின் முழு வரலாற்றையும் பொருட்களின் வழியாகச் சொல்லிவிட வேண்டும் என்பது அவருடைய திட்டம். இந்தத் திட்டத்திற்கு எல்லையே இல்லை என்பதை அவரிடம் யாரும் எடுத்துச் சொன்னதாகத் தெரியவில்லை. அறுவைக் கருவிகள், மருந்துச் சாடிகள், தாயத்துகள், ஓவியங்கள், ஓலைச்சுவடிகள், ஆயுதங்கள், மண்டை ஓடுகள் என வாங்கிக்கொண்டே போனார். நெப்போலியனின் பல்துலக்கியும், சார்ல்ஸ் டார்வினின் கைத்தடியும், ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேலின் தோல் காலணிகளும் அவரிடம் வந்து சேர்ந்தன.

வாங்குபவர் வெல்கம் என்று தெரிந்தால் விலை ஏறிவிடும். ஆகவே அவருடைய முகவர்கள் மாற்றுப்பெயர்களில் ஏலம் கேட்டனர். அவரும் சில நேரங்களில் எளிய உடையில், வேறு பெயரில் கடைகளுக்குச் செல்வதுண்டு. முகவர்கள் உலகெங்கும் அனுப்பப்பட்டனர். 1911 ஆம் ஆண்டு பைரா மல் என்ற பன்மொழி வல்லுநர் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டார். சுமார் பத்தாண்டுகள் அவர் சுவடிகளையும் பொருட்களையும் வாங்கி லண்டனுக்கு அனுப்பினார். இன்று வெல்கம் நூலகத்தில் உள்ள ஆயிரக்கணக்கான சமஸ்கிருதச் சுவடிகளுக்கு அந்தப் பயணமே முதன்மையான காரணம். 1930களில் பீட்டர் ஜான்ஸ்டன் செயின்ட் என்ற மற்றொரு முகவரும் இந்தியா வந்தார்.

1913 ஆம் ஆண்டு லண்டன் விக்மோர் தெருவில் வெல்கமின் மருத்துவ வரலாற்று அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. ஆனால் அது மருத்துவர்களுக்கும் அறிஞர்களுக்கும் உரியதாகவே கருதப்பட்டது. அங்கே காட்சிக்கு வைக்கப்பட்டவை அவர் சேர்த்தவற்றில் ஒரு சிறு பகுதியே. எஞ்சியவை கிடங்குகளில் குவிந்தன. கப்பல் கப்பலாக வந்திறங்கும் பொருளைப் பிரித்து, எண்ணிட்டு, எங்கிருந்து வந்தது, எதற்குப் பயன்பட்டது என்று எழுதிவைக்க ஊழியர்களால் இயலவில்லை. வாங்கும் வேகத்தைக் குறைக்க வெல்கமுக்கு மனம் வரவில்லை.

சூடானில் ஜெபல் மோயா என்ற இடத்தில் 1910 முதல் 1914 வரை அவர் நடத்திய அகழ்வாய்வும் இத்தகையதே. ஆயிரக்கணக்கான உள்ளூர்த் தொழிலாளர்களை அமர்த்தி, பெட்டிப் பட்டங்களில் கேமராவைக் கட்டிப் பறக்கவிட்டு, வானிலிருந்து படமெடுக்கும் புதுமையைக்கூட அங்கே செய்துபார்த்தார். ஆனால் முறையான ஆய்வறிக்கை வெளிவந்தது 1949 ஆம் ஆண்டில்தான். அப்போது அவர் இறந்து பதின்மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன.

உயிலும் ஏலமும்

1932 ஆம் ஆண்டு வெல்கமுக்கு சர் பட்டம் வழங்கப்பட்டது. ராயல் சொசைட்டியின் உறுப்பினராகவும் அவர் தேர்ந்தெடுக்கப்பட்டார். அதே ஆண்டில் எழுதிய உயிலில், நிறுவனத்தின் பங்குகள் அனைத்தையும் ஓர் அறக்கட்டளையிடம் ஒப்படைத்தார். மருத்துவ ஆராய்ச்சியும், மருத்துவ வரலாற்றுக்கான நூலகமும் அருங்காட்சியகமும் அதன் பணிகள். 1936 ஆம் ஆண்டு ஜூலை 25 ஆம் தேதி அவர் காலமானார். உடல் எரியூட்டப்பட்டது. பொருட்களை அடக்கி வைக்க இடம் தேடியே வாழ்ந்த அவருடைய சாம்பலை, புனித பவுல் பேராலய வளாகத்தில் அடக்கம் செய்ய 1987 ஆம் ஆண்டு வரை ஐம்பத்தொரு ஆண்டுகள் பிடித்தன.

அறங்காவலர்கள் கையில் கிடைத்தது பெரும் பணம் அன்று, பெரும் சுமை. சொத்துக்கான மரண வரி கட்ட வேண்டியிருந்தது. நிறுவனத்தின் லாபமும் சரிந்திருந்தது. பத்து லட்சத்திற்கும் மேற்பட்ட பொருட்களை வைத்துக் காக்கவோ, ஆராயவோ, காட்சிப்படுத்தவோ பணமும் இல்லை, இடமும் இல்லை. சில ஆண்டுகளில் உலகப் போரும் வந்துவிட்டது.

ஆகவே கலைத்துவிடுவது என்று முடிவாயிற்று. மருத்துவத்தோடு நேரடித் தொடர்பில்லாதவை முதலில் வெளியேறின. ஆயுதங்களும் கலைப்பொருட்களும் ஏலக்கூடங்களுக்குச் சென்றன. பல்வேறு இனக்குழுக்களின் பொருட்கள் பிரிட்டிஷ் அருங்காட்சியகம் வழியாகப் பல இடங்களுக்குப் பிரிந்தன. எகிப்தியப் பொருட்களில் ஒரு பகுதி வேல்ஸின் ஸ்வான்சி நகரம் வரை சென்றது. 1965 ஆம் ஆண்டு சுமார் 30,000 பொருட்கள் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலிஸ் வளாகத்துக்கு வழங்கப்பட்டன. மருத்துவப் பொருட்கள்கூட 1970களின் பிற்பகுதியில் லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்திற்கு நீண்டகாலக் கடனாகத் தரப்பட்டன. வெல்கம் நாற்பது ஆண்டுகளில் சேர்த்ததைப் பிரித்துக் கொடுக்க ஏறக்குறைய அதே அளவு காலம் ஆயிற்று.

இந்தப் பங்கீட்டை முழுமையாகக் குறைகூற இயலாது. கிடங்கில் கிடந்து அழிவதைவிட, பார்ப்பதற்கு ஆளுள்ள இடத்துக்குப் போவது மேல். எனினும் ஒரு தாயத்து லண்டன் கிடங்கிலிருந்து ஓர் அமெரிக்க அருங்காட்சியகத்திற்குச் செல்லும்போது, அது எந்த ஊரில், யாரிடமிருந்து, என்ன விலைக்கு வாங்கப்பட்டது என்ற குறிப்பு லண்டன் பதிவேட்டிலேயே தங்கிவிடக்கூடும். அந்தக் குறிப்பு முதலிலேயே எழுதப்படவில்லை என்றால் தேடவும் வழியில்லை. நூலகரும் காப்பாளரும் பட்டியல் பட்டியல் என்று ஏன் அடித்துக்கொள்கிறார்கள் என்பது அப்போதுதான் விளங்கும்.

அறக்கட்டளையின் இரண்டாம் பிறவி

போருக்குப் பிந்தைய பத்தாண்டுகளில் மருந்து நிறுவனம் மீண்டும் செழித்தது. அறக்கட்டளையும் மெல்ல வளர்ந்தது. தமிழர்களுக்கு அறிமுகமான ஓர் இடம் இந்த வரலாற்றில் வருகிறது: வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில், சத்துக்களை உடல் ஏற்காமல் செய்யும் ஸ்ப்ரூ என்ற குடல் நோயை ஆராய வெல்கம் பெயரில் ஓர் ஆய்வுப் பிரிவு இயங்கியது. 1986 இல் நிறுவனத்தின் பங்குகளில் கால் பகுதி பொதுமக்களுக்கு விற்கப்பட்டது. 1992 இல் மேலும் ஒரு பகுதி விற்கப்பட்டது. 1995 இல் கிளாக்சோ நிறுவனம் சுமார் 900 கோடி பவுண்டுக்கு முழு நிறுவனத்தையும் வாங்கிக்கொண்டது. வெல்கம் அறக்கட்டளை உலகின் மிகப் பெரிய அறக்கட்டளைகளில் ஒன்றானது.

அதன் பெரும்பகுதிப் பணம் மருத்துவ ஆராய்ச்சிக்கே செல்கிறது. எனினும் 2000 ஆம் ஆண்டளவில், பிரிட்டிஷ் நூலகத்துடன் இணைந்து அது ஒரு நிதித் திட்டத்தைத் தொடங்கியது. பிரிட்டனில் உள்ள பிற நூலகங்களிலும் ஆவணக் காப்பகங்களிலும் கிடக்கும் மருத்துவ வரலாற்று ஆவணங்களைப் பட்டியலிடவும், செப்பனிடவும், பேணவும் உதவுவது அதன் நோக்கம். மருத்துவமனைப் பதிவேடுகள், மனநலக் காப்பகங்களின் நோயாளிக் குறிப்புகள், மருத்துவர்களின் கடிதங்கள் போன்றவை அதனால் ஆய்வாளர் கைக்கு எட்டின. அத்திட்டம் பின்னர் உருமாறி, முடிவுக்கும் வந்துவிட்டது.

இத்தகைய நிதி அரிதாகவே கிடைக்கிறது. புதிய கட்டடத்துக்குப் பணம் தருபவரின் பெயரை வாசலில் பொறிக்கலாம். அரிய சுவடி ஒன்றை வாங்கித் தருபவருக்குப் பத்திரிகையில் படம் வரும். அமிலமில்லாத அட்டைப்பெட்டிக்கும், ஈரப்பதத்தை அளக்கும் கருவிக்கும், மூன்று ஆண்டுகள் உட்கார்ந்து பட்டியல் எழுதும் ஒருவரின் சம்பளத்துக்கும் யார் பெயரைச் சூட்டுவது? வெல்கமின் முகவர்கள் காலத்தில் லண்டன் வந்த சிங்களச் சுவடிகளுக்கு, சோமதாச என்ற அறிஞர் தயாரித்த விரிவான அச்சுப் பட்டியல் வெளியானது 1996 ஆம் ஆண்டில். வெல்கம் இறந்து அப்போது அறுபது ஆண்டுகள் கடந்திருந்தன.

2007 ஆம் ஆண்டு யூஸ்டன் சாலைக் கட்டடம் பொதுமக்களுக்கான காட்சியகமாகப் புதுப்பித்துத் திறக்கப்பட்டது. வெல்கம் சேர்த்த பொருட்களில் தேர்ந்தெடுத்தவை ஓர் அரங்கில் வைக்கப்பட்டன. 2022 ஆம் ஆண்டு நவம்பரில் அந்த அரங்கை நிர்வாகமே மூடியது. இன, பால் பாகுபாடு கொண்ட ஒரு பார்வையை அது நிலைநிறுத்துகிறது என்று நிர்வாகம் காரணம் கூறியது. அந்த முடிவு பிரிட்டனில் கடும் விவாதத்தைக் கிளப்பியது. மூடுவதைவிட, அப்பொருட்கள் வந்த கதையை அருகிலேயே எழுதிவைத்திருக்கலாம் என்ற விமர்சனத்தில் நியாயம் இருப்பதாகவே தோன்றுகிறது.

வெல்கம் சேகரத்தில் 2,000க்கும் மேற்பட்ட சமணச் சுவடிகளும் இருந்தன. அவற்றில் பெரும் எண்ணிக்கையிலானவை, இன்று பாகிஸ்தானில் உள்ள பஞ்சாப் பகுதியின் ஒரு சமணக் கோயிலிலிருந்து 1919 ஆம் ஆண்டு மிகக் குறைந்த விலைக்கு வாங்கப்பட்டவை. இச்சுவடிகள் சமண சமூகத்திடம் திருப்பி ஒப்படைக்கப்படும் என்று 2025 ஆம் ஆண்டு அறிவிக்கப்பட்டது. லண்டனில் உள்ள சமணவியல் நிறுவனம் ஒன்றின் வாயிலாக, பர்மிங்காம் பல்கலைக்கழகத்தின் சமண ஆய்வு மையத்தில் அவற்றை வைத்துப் பேணுவது என்பது ஏற்பாடு. அந்தக் கோயில் இருந்த பகுதியில் சமணர்கள் இப்போது ஏறக்குறைய இல்லை.