தீவிலிருந்து வந்த மாணவர்

ஒன்பது வயது நெப்போலியன் 1779இல் பிரான்சின் பிரியென் இராணுவப் பள்ளியில் சேர்ந்தார். அவர் பிறந்த கோர்சிகாத் தீவைப் பிரெஞ்சுப் படை அடக்கிப் பத்தாண்டுகளே ஆகியிருந்தன. அவருடைய உச்சரிப்பைச் சக மாணவர்கள் கேலி செய்தார்கள். நம் பிள்ளைகளும் புதுநாட்டுப் பள்ளிகளில் இதைத்தானே அனுபவித்தார்கள்? அவர் வரலாற்று நூல்களோடு ஒதுங்கினார்; புளூட்டார்க்கை விரும்பிப் படித்தார். 1785இல் பாரிஸ் இராணுவக் கல்லூரியில் 58 பேரில் 42ஆவதாகத் தேறினார்.

அதிகாரியான பின் தன் தீவின் வரலாற்றை எழுதத் தொடங்கினார். வாழ்நாளில் அது அச்சேறவில்லை. 1793இல் குடும்பமே தீவைவிட்டுத் தப்பியோடியது. 1804இல் பேரரசரானவர் பிறர் நாடுகளை அடக்கினார். 1821இல் செயின்ட் ஹெலினாத் தீவில் கைதியாக இறந்தார்.

வென்றவரின் பள்ளியில் நாமும் வரலாறு படிக்கலாம். ஆனால் நம் ஊரின் வரலாற்றை நாம்தான் எழுதி முடிக்கவேண்டும்.