சில்லின் முதுகில் இல்லாத பெயர்



மைக்ரோபிராசஸர் லேப்ல 8085 கிட் முன்னாடி உட்கார்ந்து, ரெண்டு எண்ணைக் கூட்டி, விடை சரியா வந்ததும் ரெக்கார்ட் நோட்டுல கையெழுத்து வாங்கிட்டு ஓடி வந்தவரா நீங்க? அப்போ இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான். உங்க டிபார்ட்மென்ட் ஸ்டோர் ரூம்ல அப்படி ஒரு பழுதான கிட் தூசி படிஞ்சு கிடந்தா, எச்.ஓ.டி.கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு அந்த பிராசஸரை எடுத்துச் சுத்தம் பண்ணுங்க. அடுத்த சிம்போசியத்துக்குக் கண்ணாடிப் பெட்டியில வைக்கலாம்.

பெட்டிக்குள்ள சில்லு. பக்கத்துல ஒரு சின்ன அட்டை. அந்த அட்டையில என்ன எழுதப் போறீங்க? மாடல் எண், கம்பெனி, வருஷம், அவ்வளவுதானா? சில்லின் முதுகில் அச்சடிக்காத ஒரு பெயர் இருக்கு: ராபர்ட் நாய்ஸ். கம்யூனிகேஷன் பேப்பர்ல நீங்க படிச்சு நொந்துபோன அந்த நாய்ஸ் இல்லை. அதைக் குறைக்கணும்னு பாடுபடுறோம். இவரோ இல்லாமல் நம்ம கையில் போனே இருந்திருக்காது.

நாய்ஸ் 1927 டிசம்பர் 12 அன்று அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் பிறந்தார். அப்பா ஒரு சர்ச்சில் போதகர். நான்கு பையன்கள் இருந்த வீடு, வசதி குறைவு. அந்தக் குடும்பம் கடைசியில் கிரினெல் என்ற சின்ன ஊரில் தங்கியது. 12 வயதில் நாய்ஸ் தன் அண்ணனோடு சேர்ந்து ஆள் ஏறிப் பறக்கும் கிளைடர் ஒன்றைக் கட்டி, கூரை மேலிருந்து குதித்துப் பார்த்தார். கை கால் உடையாமல் தப்பித்ததே பெரிய விஷயம். செய்து பார்த்துவிடலாம் என்ற அந்தத் துணிச்சல் கடைசி வரை அவரை விட்டுப் போகவில்லை.

அதே ஊரில் இருந்த கிரினெல் கல்லூரியில் இயற்பியலும் கணிதமும் படித்தார். படிப்பில் கெட்டி. ஆனால் 1948-ல் ஹாஸ்டல் விருந்துக்காகப் பக்கத்துப் பண்ணையிலிருந்து ஒரு பன்றியைத் திருடி மாட்டிக்கொண்டார். விவசாயம் செய்து பிழைக்கும் ஊரில் அது விளையாட்டு இல்லை, குற்றம். கல்லூரியை விட்டே விரட்டியிருப்பார்கள். கிரான்ட் கேல் என்ற இயற்பியல் பேராசிரியர் பரிந்து பேசியதால், ஒரு செமஸ்டர் சஸ்பென்ஷனோடு போயிற்று. நல்ல மாணவன் ஒருவனை ஒரு தப்புக்காக இழக்கக் கூடாது என்று அவர் நினைத்திருக்காவிட்டால், இந்தக் கதை இங்கேயே முடிந்திருக்கும். பெல் லேப்ஸில் 1947 கடைசியில் பிறந்த டிரான்சிஸ்டர் மீது நாய்ஸுக்கு ஆர்வத்தை ஊட்டியதும் இதே கேல்தான். அட்டையில் எழுத வேண்டிய பெயர்களை இங்கிருந்தே எண்ண ஆரம்பிச்சுக்கோங்க.

1953-ல் எம்.ஐ.டி.யில் டாக்டர் பட்டம். பிறகு பில்கோ நிறுவனத்தில் வேலை. 1956-ல் வில்லியம் ஷாக்லியிடமிருந்து அழைப்பு வந்தது. டிரான்சிஸ்டரைக் கண்டுபிடித்த மூவரில் ஒருவர். அதே ஆண்டு நோபல் பரிசு வாங்கியவர். கலிஃபோர்னியாவின் மவுன்டன் வியூவில் புதுக் கம்பெனி தொடங்கி, நாடெங்கும் தேடி இளைஞர்களைச் சேர்த்தார். ஆட்களைத் தேர்ந்தெடுப்பதில் ஷாக்லியை மிஞ்ச முடியாது. அவர்களை வைத்து வேலை வாங்குவதில்தான் பிரச்சினை. யாரையும் நம்ப மாட்டார், எல்லாரையும் சந்தேகப்படுவார். ஒரே ஆண்டில் மூச்சு முட்டிப்போய், 1957-ல் எட்டுப் பேர் ஒன்றாக வெளியேறினார்கள். அதில் நாய்ஸும் ஒருவர். கார்டன் மூர், ஜான் ஹோர்னி, ஜே லாஸ்ட் ஆகியோரும் உண்டு. அந்த எட்டுப் பேரும் சேர்ந்து தொடங்கியதுதான் ஃபேர்சைல்ட் செமிகண்டக்டர்.

இப்போ கதையின் முக்கியமான இடத்துக்கு வர்றோம். அந்தக் காலத்தில் டிரான்சிஸ்டர்களை ஒரே தகட்டில் நூற்றுக்கணக்கில் செய்வார்கள். அப்புறம் அதைத் துண்டு துண்டாக வெட்டி, ஒவ்வொன்றுக்கும் கால் வைத்து, மறுபடி சர்க்யூட்டில் ஒன்றோடொன்று சால்டர் செய்து இணைப்பார்கள். சேர்ந்தே பிறந்ததைப் பிரித்துவிட்டு மறுபடி சேர்ப்பது! ஆயிரம் டிரான்சிஸ்டர் என்றால் ஆயிரக்கணக்கான சால்டரிங். ஒன்று விட்டாலும் சர்க்யூட் போச்சு.

டெக்சஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸில் ஜாக் கில்பி 1958 செப்டம்பரில் ஒரே ஜெர்மேனியத் துண்டில் முழு சர்க்யூட்டையும் இயக்கிக் காட்டிவிட்டார். ஆனால் அதன் பகுதிகளை மெல்லிய தங்கக் கம்பிகளால் கையால் இணைக்க வேண்டியிருந்தது. ஃபேர்சைல்டில் ஹோர்னி வேறொன்றைக் கண்டுபிடித்திருந்தார்: சிலிக்கான் மேல் வளரும் ஆக்சைடு படலத்தைச் சுரண்டி எடுக்காமல் அப்படியே விட்டால், அது அடியிலுள்ள டிரான்சிஸ்டருக்குப் பாதுகாப்பாகிறது. 1959 ஜனவரியில் நாய்ஸ் இன்னொரு படி யோசித்தார். அந்த ஆக்சைடு மின்சாரத்தைக் கடத்தாது. அப்படியானால் அதில் தேவையான இடத்தில் மட்டும் ஓட்டை போட்டு, மேலே அலுமினியக் கோடுகளைப் படிய வைத்தால், கம்பியே இல்லாமல் எல்லாவற்றையும் இணைத்துவிடலாமே! இணைப்புகளும் அச்சடிப்பது மாதிரி ஒரே தடவையில் முடிந்துவிடும். உங்க 8085-க்குள்ள இருக்கிற சுமார் 6,500 டிரான்சிஸ்டர்களும் இந்த வழியிலதான் ஒன்றோடொன்று பேசிக்குது.

நாய்ஸின் பேடன்ட் 1961-ல் கிடைத்தது. அதே யோசனையை நிஜச் சில்லாகச் செய்து காட்டியது ஜே லாஸ்டின் குழு. கில்பியின் கம்பெனிக்கும் நாய்ஸின் கம்பெனிக்கும் இடையே வழக்கு பத்து ஆண்டு அளவுக்கு இழுத்தது. கம்பெனிகள் சண்டை போட்டன; ஆனால் இருவருமே மற்றவர் பங்கை மறுத்ததில்லை. 2000-ல் கில்பிக்கு நோபல் கிடைத்தபோது நாய்ஸ் உயிரோடு இல்லை. இறந்தவர்களுக்கு அந்தப் பரிசு கிடையாது. கில்பி தன் நோபல் உரையில் நாய்ஸின் பங்கை எடுத்துச் சொன்னார். ஜெயித்தவர் மேடையில் இப்படிச் செய்வது அரிது.

1968-ல் நாய்ஸும் மூரும் ஃபேர்சைல்டை விட்டு விலகி இன்டெலைத் தொடங்கினார்கள். ஷாக்லியிடம் பட்ட பாடு நினைவிருந்ததோ என்னவோ, அங்கே மேலாளர்களுக்குத் தனிக் கார் நிறுத்துமிடம் இல்லை, பெரிய மூடிய அறைகளும் இல்லை. 1969-ல் பிசிகாம் என்ற ஜப்பான் கம்பெனி, கால்குலேட்டருக்காகப் பல தனித்தனிச் சில்லுகள் கேட்டு வந்தது. டெட் ஹாஃப் என்ற பொறியாளர், அத்தனையும் வேண்டாம், புரோகிராம் போட்டு எதையும் செய்யவைக்கும் ஒரு பொதுச் சில்லு போதும் என்றார். கேட்டது ஒன்று, கொடுப்பது இன்னொன்று. வேறொரு முதலாளியாக இருந்தால் திட்டித் துரத்தியிருப்பார். நாய்ஸ் மேலே போகச் சொல்லி ஊக்கப்படுத்தினார்.

அந்த யோசனையை உண்மையான சிலிக்கானாக மாற்றியவர் 1970-ல் சேர்ந்த ஃபெடரிகோ ஃபாஜின். உடன் உழைத்தவர்கள் ஸ்டான் மேஸரும், பிசிகாமிலிருந்து வந்த மசடோஷி ஷிமாவும். 1971 நவம்பரில் 4004 வெளிவந்தது: 16 கால்கள், சுமார் 2,300 டிரான்சிஸ்டர்கள். ஃபாஜின் தன் பெயரின் முதலெழுத்துகளைச் சிலிக்கானின் ஓரத்திலேயே பொறித்து வைத்தார். நல்லவேளை செய்தார். 1974-ல் அவர் இன்டெலை விட்டுப் போனபின், பல ஆண்டுகள் 4004 என்றாலே ஹாஃப் பெயர்தான் முன்னால் நின்றது. இது நாய்ஸ் கட்டிய வீட்டிலேயே நடந்த குறை. அவர் கதையைச் சொல்லும்போது இதை மறைக்கக் கூடாது.

கடைசிக் காலத்தில் நாய்ஸ், சில்லுத் தொழிலில் ஜப்பானிடம் பின்தங்கிய அமெரிக்காவுக்காக, செமடெக் என்ற கூட்டமைப்பை நடத்த 1988-ல் ஆஸ்டின் போனார். நீச்சலில் விருப்பம் உள்ளவர். 1990 ஜூன் 3 அன்று மாரடைப்பால் இறந்தார். வயது 62.

சரி, இப்போ உங்க சில்லுக்கு வருவோம். முதல்ல கிட்ல எது பிராசஸர்னு பாருங்க. நடுவில் கண்ணாடி ஜன்னல் வைத்து உள்ளே பளபளக்கும் சில்லைப் பலரும் பிராசஸர்னு நினைச்சுப்பாங்க. அது ஈப்ராம், புரோகிராம் இருக்கும் மெமரி. ஜன்னல் மேல ஸ்டிக்கர் இருந்தா உரிக்காதீங்க, வெளிச்சம் பட்டா நாளாவட்டத்தில் உள்ளே இருப்பது அழியும். 40 கால்களோட 8085-னு எழுதியிருப்பதுதான் நம்ம ஆள். இன்டெல் சில்லில் எண்ணுக்கு முன்னால் P இருந்தால் பிளாஸ்டிக், D அல்லது C என்றால் செராமிக். AH-2 என்று முடிந்தால் 5 மெகாஹெர்ட்ஸ் வேகம். வட்டத்துக்குள் C போட்டு ஒரு ஆண்டு இருந்தால், அது வடிவமைப்பின் காப்புரிமை ஆண்டு. சில்லு தயாரான ஆண்டு இல்லை. தயாரான காலம் வேறு எண்ணில் இருக்கும். பல கம்பெனிகள் 8432 என்று போட்டால் 1984-ன் 32-வது வாரம். ஏ.எம்.டி., என்.ஈ.சி., தோஷிபாகூட 8085 செய்திருக்காங்க. அதனால கம்பெனி முத்திரையை நல்லாப் பார்த்து எழுதுங்க.

அடுத்து சுத்தம். தொடும் முன்னாடி ரெண்டு பக்கமும் போட்டோ எடுத்துக்கோங்க. கையில் ஆன்டிஸ்டாடிக் பட்டை கட்டிக்கோங்க. சாக்கெட்லேர்ந்து எடுக்கும்போது ரெண்டு முனையையும் மாறி மாறிக் கொஞ்சம் கொஞ்சமா நெம்பணும். ஒரே பக்கம் தூக்கினா கால் மடங்கிடும். தூசியை மென்மையான பிரஷ்ஷால் தட்டுங்க. பிசுக்குக்கு ஐசோப்ரோபைல் ஆல்கஹாலில் தோய்த்த பட்ஸ் போதும். ஆனா அச்செழுத்து மேல தேய்க்காதீங்க. பழைய சில்லுகளில் அது வெறும் மை; போனா திரும்ப வராது. தங்க முலாம் பூசிய கால்களை ரப்பரால தேய்க்கவே கூடாது, முலாம் அவ்வளவு மெலிசு. கருத்துப்போன கால்களை அப்படியே விட்டுடுங்க. செராமிக் மேல உப்புத்தாள் போடாதீங்க. சில பழைய செராமிக்குகளில் பெரிலியம் ஆக்சைடு உண்டு, அந்தத் தூள் நுரையீரலுக்கு ஆகாது. பொடிஞ்சு உதிரும் பழைய ஸ்பாஞ்சில் குத்தி வைத்தால் கால் அரிக்கும். புது ஆன்டிஸ்டாடிக் ஃபோம் வாங்கிக்கோங்க.

கடைசியா அந்த அட்டை. மாடல், கம்பெனி, வருஷம் எல்லாம் எழுதுங்க. கீழே ரெண்டு வரி இடம் விடுங்க. இணைப்புகளைச் சில்லு மேலேயே படியவைக்க வழி சொன்னவர் ராபர்ட் நாய்ஸ். அதற்கு முன்னும் பின்னும் கில்பி, ஹோர்னி, லாஸ்ட், ஹாஃப், ஃபாஜின், மேஸர், ஷிமா. இத்தனை பேரும் அந்த 40 காலுக்குப் பின்னால் இருக்காங்க. அப்படியே அந்த கிட்டைப் பத்திரமா வைத்திருந்த லேப் அசிஸ்டன்ட் பெயரையும், அவர் சம்மதத்தோடு, சுத்தம் பண்ணின உங்க பேட்ச் பெயரையும் சேருங்க. சிம்போசியத்துக்கு வரும் ஜூனியர்ஸ் முதல்ல படிக்கிறது அந்த அட்டையைத்தான்.