அண்ணல் கேட்ட வரவு செலவுக் கணக்கு

கையில் அரசியலமைப்புச் சட்டத்துடன் நிற்கும் அண்ணல் அம்பேத்கரை நம் மாவட்டத்துத் தெருக்களில் தினமும் பார்க்கிறோம். அவரைச் சட்ட மேதையாக அறிந்த அளவுக்குப் பொருளாதார அறிஞராக நாம் அறியவில்லை. நாட்டின் பணத்தில் படைக்கு எவ்வளவு, மக்களுக்கு எவ்வளவு என்ற கேள்வியை மாணவப் பருவம் முதல் அமைச்சர் பதவியைத் துறந்த நாள் வரை அவர் விடவே இல்லை.

1891 ஏப்ரல் 14 அன்று மத்திய இந்தியாவின் மோவ் ராணுவ முகாமில் பிறந்தார். தந்தை ராம்ஜி சுபேதாராகவும் படைப் பள்ளி ஆசிரியராகவும் இருந்தவர். மகர் சாதிக்கு ஊர்ப் பள்ளியின் கதவு அடைத்திருந்த காலத்தில், அந்தக் குடும்பத்துக்குச் சம்பளத்தையும் எழுத்தறிவையும் தந்தது படை வேலைதான். அதனால் அண்ணல் ராணுவத்தை வெறுத்தவர் அல்லர். 1941இல் மகர் ரெஜிமென்ட் உருவாவதற்கு அவரே முயற்சி எடுத்தார். நாட்டைக் காக்கப் படை வேண்டும் என்பதில் அவருக்கு ஐயம் இல்லை. படைக்குக் கொடுத்தது போக ஏழைக்கு என்ன மிஞ்சுகிறது என்பதையே அவர் கேட்டார்.

அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படித்தபோது, 1915இல், கிழக்கிந்தியக் கம்பெனியின் நிதி நிர்வாகத்தை ஆராய்ந்து எழுதினார். கம்பெனியின் வருவாயில் பெரும்பங்கு படைச் செலவாகப் போனதையும், பொதுப்பணிகளுக்குச் சொற்பமே கிடைத்ததையும் கணக்கோடு காட்டினார். அந்தச் சொற்பத்தின் அருமை நமக்குத் தெரியும். 1830களில் அணைக்கரையில் கொள்ளிடத்தின் குறுக்கே எழுந்த கீழணை இன்றும் நம் வயல்களுக்குத் தண்ணீர் பிரித்துத் தருகிறது. கம்பெனி நடத்திய போர்களின் செலவால் இன்று யாருக்கும் ஒரு படி நெல் விளைவதில்லை.

இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த 1942இல், வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினரானார். கஜானா முழுவதும் போரை நோக்கி ஓடிய காலம் அது. அப்போதும் மக்களின் பங்கை அவர் கேட்டு வாங்கினார். ஒடுக்கப்பட்டோரின் குறைகளை எழுதி அந்த அக்டோபரில் வைஸ்ராயிடம் கொடுத்தார். அதன் பயனாகப் பட்டியல் சாதி மாணவர்களின் உயர்கல்விக்கு ஆண்டுக்கு 3 லட்சம் ரூபாய் ஒதுக்கப்பட்டது. 1944இல் தொடங்கிய அந்த உதவித்தொகையே இன்றைய போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகைக்கு வேர். நம் பிள்ளைகள் கல்லூரியில் அதற்கு விண்ணப்பம் எழுதும்போது, போர்க்காலத்தில் ஒருவர் போராடிப் பெற்ற பணம் அது என்பதை நினைக்க வேண்டும்.

1943இல் தாமோதர் ஆறு கரையுடைத்துக் கல்கத்தாவின் ரயில், சாலைத் தொடர்பைத் துண்டித்தது. பாசனமும் மின்சாரமும் அப்போது அவருடைய துறையில் இருந்தன. வெள்ளத் தடுப்பு, பாசனம், மின்சாரம் மூன்றையும் சேர்த்து ஒரே திட்டமாக்கும் பணியை அவர் முன்னின்று நடத்தினார். 1948இல் தாமோதர் பள்ளத்தாக்குக் கழகம் பிறந்தது. ஒரு பக்கம் வெள்ளம், மறுபக்கம் வறட்சி என்று வாழும் கடைமடை விவசாயிக்கு இதன் பெருமையை விளக்க வேண்டியதில்லை.

சுதந்திர இந்தியாவின் முதல் சட்ட அமைச்சரான அவர், 1951 செப்டம்பரில் பதவி விலகினார். இந்துச் சட்ட மசோதா கைவிடப்பட்டதே காரணம் என்று பலரும் சொல்வோம். அது ஒரு காரணம்தான். அக்டோபர் 10 அன்று அவர் வெளியிட்ட அறிக்கையில் படைச் செலவும் இருக்கிறது. ஆண்டு வருவாய் 350 கோடி ரூபாய்; அதில் ராணுவத்துக்கு மட்டும் 180 கோடி என்று கணக்குக் காட்டினார். ரூபாய்க்கு எட்டணாவுக்கும் மேல். காஷ்மீர்ச் சிக்கலைத் தீர்க்காமல் இழுப்பதும், நட்பு நாடுகளை இழந்ததும் இந்தச் சுமைக்குக் காரணம் என்று அவர் கருதினார். அதே ஆண்டில்தான் இந்தியா அமெரிக்காவிடம் கடனுக்குக் கோதுமை வாங்கியது. பட்டியல் சாதியினர் புறக்கணிக்கப்படுவதையும் அந்த அறிக்கையிலேயே அவர் எழுதியதை நாம் சேர்த்தே படிக்க வேண்டும்.

1956 டிசம்பர் 6 அன்று அண்ணல் மறைந்தார். கணக்கு இன்னும் முடியவில்லை. 2020 இறுதியில் மத்திய அரசு, பட்டியல் சாதி மாணவர்களின் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகைக்கு ஐந்து ஆண்டுகளுக்குச் சேர்த்துத் தன் பங்காக 35,534 கோடி ரூபாயை ஒப்புக்கொண்டது. 2025-26 என்ற ஒரே ஆண்டின் பாதுகாப்பு ஒதுக்கீடு ஏறத்தாழ 6.81 லட்சம் கோடி. ஐந்தாண்டுப் படிப்புப் பணம், ஓராண்டுப் படைப் பணத்தில் இருபதில் ஒரு பங்கைச் சற்றுத்தான் தாண்டுகிறது.

எல்லையில் நிற்கும் சிப்பாயும் பெரும்பாலும் ஏழை வீட்டுப் பிள்ளைதான். அவனைக் குறை சொல்ல நமக்கு ஒன்றும் இல்லை. ஆனால் அவன் காக்கும் நாட்டில் அவன் தங்கை கட்டணம் கட்ட முடியாமல் படிப்பை நிறுத்தினால், அவன் எதைக் காக்கிறான்? பட்ஜெட் வரும் நாளில் நம் மாணவர்கள் செய்தித்தாளை விரித்து இந்த இரண்டு எண்களையும் அருகருகே எழுதிப் பார்க்கட்டும். அண்ணலுக்கு மாலை போடும் நாளில் அந்தத் தாளையும் கையில் எடுத்துச் செல்லட்டும்.